ஏலக்காய் விலை கைக்கு வந்தது. கைரேகைதான் விழ மறுக்கிறது

சக்குபள்ளம்:

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பாயசத்தில் போடுகிற ஏலமும் ஏலம்தான். கூவி விற்கிற ஏலமும் ஏலம்தான். இந்த இரண்டு ஏலத்தையும் நம்பிப் பிழைக்கும் ஊர் ஒன்று உண்டு என்றால், அது இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

குமுளியில் பஸ் ஏறி அணக்கரையில் இறங்கினால் சக்குபள்ளம் பஞ்சாயத்து. சுற்றிலும் ஏலத்தோட்டம். தோட்டத்துக்குள் காதில் விழுவதில் பாதி கம்பம், தேவாரம், போடித் தமிழ். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது இந்த மலை கேரளத்தோடு போயிற்று. ஆனால் வேலைக்கு வரும் கைகள் தேனி மாவட்டத்திலிருந்து வருவது நிற்கவில்லை. விடியும் முன்பே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகள் ஏறுகின்றன. இங்கேயே லயத்தில் தங்கித் தலைமுறை கண்டவர்களும் இருக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன். கம்ப்யூட்டர் மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் பார்ப்பவன். "இடம் இல்லை" என்று திரை சொன்னாலும், நான்தான் தர மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அநேகம். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. வந்து வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம் என்றான பிறகும், கவுண்டருக்கு வந்து "சார், இந்தப் போனிலேயே எடுத்துக் கொடுத்துடுங்க" என்று போனை நீட்டும் நம்மவர்கள் உண்டு. அதனால்தான், இந்த மலையில் கம்ப்யூட்டர் என்ன செய்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. வார ஓய்வு நாளில் புறப்பட்டு விட்டேன்.

கூவல் நின்ற கதை

முன்பெல்லாம் ஏல மண்டபத்தில் ஒருவர் கூவுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் போட்டு உருட்டி, ஒன்றை உரித்து, மணம் பார்த்து, விலையை ஏற்றுவார்கள். கண் ஜாடை, தலையாட்டல், இருமல் எல்லாவற்றுக்கும் அங்கே விலை உண்டு என்று பழைய விவசாயிகள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அது எவ்வளவு உண்மையோ, எவ்வளவு கதையோ!

2007-ஆம் ஆண்டில் போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. வண்டன்மேட்டு ஏலம் பின்னர் பக்கத்துப் புற்றடியில் அமைந்த ஸ்பைசஸ் பார்க்குக்கு மாறியது. இப்போது ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் ஒரு திரை. மாதிரிக் காய் சிறு பொட்டலமாகக் கைக்கு வருகிறது. பொத்தானை அழுத்தினால் விலை ஏறுகிறது. யாரும் அழுத்தாமல் சில விநாடி கடந்தால் அந்தக் குவியல் விற்றுப் போகிறது. 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய், போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கும் ஏற்பாடும் வந்தது. இரு மாநிலத்துக்கும் நடுவில் மலை நிற்கிறது. ஏலத்துக்கு அது தடையில்லை.

இதனால் பெரிய மாற்றம் மண்டபத்துக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. எத்தனை குவியல் வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்ற விவரம் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகிறது. அது அப்படியே வாட்ஸ்அப்பில் ஏறி, மாலைக்குள் மலை முழுவதும் பரவி விடுகிறது. அரை ஏக்கர்க்காரருக்கும் தெரிகிறது. அவர் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்ணுக்கும் தெரிகிறது. நான் பேசிய அத்தனை தொழிலாளர்களும் அன்றைய சராசரி விலையைத் தடுமாறாமல் சொன்னார்கள். முன்பு அது முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஆனால் கூலி?

தெரிந்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு அக்டோபரில் தோட்டத் தொழிலாளர் கமிட்டி கூடி, தேயிலைக்கு நாள் கூலி ரூ. 301, ஏலத்துக்கு ரூ. 330, ரப்பருக்கு ரூ. 381 என்று முடிவு செய்தது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உயர்வு அது.

நான்கு வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் ரூ. 7,000-ஐத் தொட்டது. 2018 பெருமழையில் செடிகள் அழுகியதும், அதைத் தொடர்ந்த வறட்சியும் சேர்ந்து காய் வரத்தைக் குறைத்திருந்தன. எல்லாக் காயும் அந்த விலைக்குப் போய்விடவில்லை; அது அன்றைய உச்ச விலை மட்டுமே, சராசரி அதைவிட வெகுவாகக் கீழே. இரண்டே ஆண்டில், 2021-இல், ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கி விவசாயிகள் தலையில் கை வைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஏழாயிரம்னு போன்ல வந்தப்ப நாங்க சரத்துக்கிட்ட குத்த வச்சு உக்காந்துதான் இருந்தோம் தம்பி. விலை ஏறுனா இனிப்புக் குடுப்பாங்க. இறங்குனா நாளைக்கு ஆள் வேணாம்பாங்க" என்றார் கம்பத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே தங்கியிருக்கும் ஒரு அக்கா. ஏலச் செடியில் காய் மேலே தொங்குவதில்லை. தூரில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காயை உலர வைத்தால் சுமார் ஒரு கிலோ தேறும். பெரிய எஸ்டேட்டில் பெயர் பதிவு, பி.எஃப். எல்லாம் இருக்கிறது. சிறு தோட்டங்களில் வேலைக்கு அத்தாட்சி மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம்தான். சில இடத்தில் அதுவும் இல்லை. விலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருடம் ஆகியும் கூலிக்கு வரவில்லை.

விரலில் விழாத ரேகை

கம்ப்யூட்டர் இந்த அக்காவைத் தேடி வந்தது வேறு வழியில். ரேஷன் கடை வழியாக.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் கேரளம் 2020-இல் சேர்ந்தது. தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. தேனி மாவட்டத்து அட்டையை வைத்துக்கொண்டு சக்குபள்ளத்துக் கடையில் அரிசி வாங்கலாம் என்பது நம்மவர்களுக்கு உண்மையிலேயே பெரிய வசதி. முன்பு மாதம் ஒரு முறை கூலியை விட்டுவிட்டு, ரேஷன் வாங்கவே மலை இறங்கியவர்கள் உண்டு. (ஒன்று கவனிக்க வேண்டும்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் மட்டுமே இது செல்லும். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம், 2023 ஜனவரி முதல் விலையில்லாமல். தமிழ்நாட்டில் கிடைக்கும் மற்ற சாமான்களை இங்கே எதிர்பார்க்க முடியாது.)

அட்டையில் பெயருள்ள யாராவது ஒருவர் விரலை வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். காயின் கறை, மருந்து, மண், மழை எல்லாம் சேர்ந்து இந்தப் பெண்களின் விரல் நுனியை வழவழவென்று ஆக்கி விட்டிருக்கின்றன. அக்கா கையை நீட்டிக் காட்டினார். நகக்கண் கறுத்து, தோல் வெடித்து, ரேகை இருந்த இடம் தேய்ந்து கிடந்தது.

"பத்து விரலையும் வச்சுட்டேன். எலுமிச்சங்காய் தேச்சு, எண்ணெய் தடவி, துடைச்சுட்டு வச்சேன். பொருந்தலைன்னே வருது. கடைக்காரரு நல்ல மனுசன்தான். சேச்சி, மிஷின் சம்மதிக்கலைங்கிறாரு. அவரு என்ன செய்வாரு?"

வீட்டுக்காரர் மருந்தடிக்கும் வேலை. அவருக்கும் இதே கதை. மகனுக்கு ரேகை பளிச்சென்று விழும். ஆனால் அவன் கம்பத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பையனை வரவழைத்தால்தான் அரிசி என்று ஆகிவிட்டது. "செல்போனுக்கு நம்பர் வருமே, அதை வைத்து வாங்க முடியாதா?" என்று கேட்டேன். ஆதாரில் கொடுத்திருந்த போன் நம்பர் பத்து வருடத்துக்கு முந்தியது. அந்த சிம் இப்போது அவரிடம் இல்லை.

இதற்கும் ஒரு மலைக் காரணம் இருக்கிறது. டெலிபோன் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் ஒரு வட்டம். எல்லையோரத்தில் நாலடி நகர்ந்தால் டவர் மாறும். ரோமிங் என்று காசு போகும். அதனால் அந்தப் பக்கத்துக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருந்தார்கள். பின்னர் ரோமிங் கட்டணம் ஒழிந்தது. ஒரு சிம்மைக் கைவிட்டார்கள். பலர் கைவிட்டது ஆதாரில் பதிந்திருந்த சிம். நாளாவட்டத்தில் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ரகசிய எண்ணும் இப்போது அந்த யாருக்கோதான் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குத் தானியத்தை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடைக்காரர் கையை விரித்தால், இதைச் சொல்லித் தாலுகா சப்ளை ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம். ஆதாரில் ரேகையையும் கண் பதிவையும் போன் நம்பரையும் புதுப்பித்துக்கொள்ளலாம். 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலும் பதில் சொல்கிறார்கள். கேரளத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு அக்ஷயா மையங்கள் இருக்கின்றன. 2002-இல் மலப்புரம் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கவென்று தொடங்கியவை அவை. இன்று சகல விண்ணப்பத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். ஆதார் வேலை எந்த மையத்தில் நடக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி வீண்.

மொழியும் ஒரு தடை. விண்ணப்பத்தில் பல இடம் மலையாளத்தில் இருக்கிறது. பேச்சில் மலையாளம் சரளமாக வரும் நம்மவர்களுக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள்தான் பெற்றோருக்குக் குமாஸ்தா. 2020-இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்து, மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்று வந்தபோதும், யார் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையும் ஒரு நல்ல போனும் இருந்ததோ அந்த வீடுதான் முதலில் வேலைக்குத் திரும்பியது என்கிறார்கள்.

யு.பி.ஐ.யைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்த அரை மணியில் கம்பத்திலிருக்கும் அம்மாவுக்குப் போய்ச் சேருகிறது. மணியார்டர் ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை.

அக்காவிடம், எப்போது ஆதார் மையத்துக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். இப்போது போனால் அங்கேயும் ரேகை விழாது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்களாம்.

"காய் எடுப்பு முடியட்டும் தம்பி. பத்து நாள் கையைச் சும்மா வச்சிருந்தா தோலு கொஞ்சம் ஏறும். அப்ப போய் வச்சுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் பையன்தான் வரணும்."

காய் எடுப்பு முடிய மாசி ஆகும். அன்று மாலை விலை விவரம் அதற்குள் அவர் போனில் வந்து விழுந்திருந்தது. சராசரி முந்தின நாளைவிடச் சற்றே கூடுதல். மகனுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார்.