வீட்டிலிருந்தே பட்டு விற்பனை: வீட்டுக்காரர் சம்மதம்

ஆரணியில் வீட்டில் இருந்தபடியே சேலை விற்கும் பெண்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் நம் கடைக்கு வந்து, "பத்துச் சேலை கொடுங்கய்யா, வித்துட்டுப் பணம் தர்றேன்" என்றார். மறுநாள் கணவரே வந்து, "இவளுக்குச் சரக்குக் கொடுக்காதீங்க" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. முன்பு ஏதோ ஒரு கம்பெனியில், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று நம்பிக் கட்டிய பணம் போய்விட்டது. இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. இங்கே கட்டணமும் இல்லை, ஆள் சேர்ப்பும் இல்லை என்றோம். சற்று இறங்கி வந்தார்.

மெய்யான பயம் கடன்தான். சொந்தக்காரரிடம் தவணை கேட்டால் உறவு கெடும். (நாமும் அந்தப் பயத்தோடுதான் தினமும் கடை திறக்கிறோம்.) ஆகவே பத்து வேண்டாம், மூன்று போதும் என்றோம். மூன்றிலும் மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருந்தது. பாதி ரொக்கம் வாங்காமல் சேலை கைமாறக் கூடாது. விற்காததை 15 நாளில் திருப்பலாம். வரவு செலவு நோட்டைக் கணவர் கையில் கொடுத்து, "எழுத வேண்டியது நீங்கள்" என்றோம்.

இரண்டு விற்றன, ஒன்று திரும்பியது. அவருடைய அத்தை வீட்டுத் தவணை மட்டும் இன்னும் நிலுவை. வசூலுக்கு அவரே போகிறார். தீபாவளிக்கு எட்டுச் சேலை வேண்டும் என்று வந்து கேட்டவரும் அவர்தான்.