கோட்டைச் சுவரை இடித்துக் கொடுத்த கலெக்டர்

மதுரை நகராட்சி ஆனது 1866இல். மாநகராட்சியாகி மதுரை முத்து முதல் மேயராகப் பொறுப்பேற்றது 1971இல். இரண்டுக்கும் வெகு முன்பே, ஒரு மேயர் செய்ய வேண்டிய வேலையை இந்த ஊருக்குச் செய்துவிட்டுப் போனவர் கலெக்டர் ஜான் பிளாக்பர்ன்.

அன்றைய மதுரை கோட்டைக்குள் நெருக்கியடித்த ஊர். விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை அது. 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர், சுற்றிலும் அகழி. பாளையங்கள் ஒடுங்கியபின் அந்தச் சுவர் தடுத்து நிறுத்த எந்தப் படையும் வரவில்லை. அகழியில் தண்ணீர்தான் தேங்கிக் கிடந்தது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோவை, நெல்லைச் சீமைகளில் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. தேங்கிய நீரிலிருந்து எழும் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். மலேரியாவைக் கொசுவோடு சேர்த்து ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். காரணம் தெரியாவிட்டாலும் அகழியைத் தூர்க்க வேண்டும் என்ற முடிவு சரியானதே.

அவ்வளவு பெரிய வேலைக்குப் பணம்? இங்கேதான் பிளாக்பர்னின் சாமர்த்தியம். சுவரை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியை மூடுகிறவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார். 1837 வாக்கில் தொடங்கிய வேலையை மதுரைக்காரர்களே செய்து முடித்தார்கள். வெளி வீதிகள் பிறந்தன. நில அளவையாளர் மாரட் பெயரில் மாரட் வீதிகள், வேலையை முன்நின்று நடத்திய மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள். 1875இல் வந்த ரயிலும் மேலவெளி வீதியை ஒட்டியே நின்றது. நன்றியுடன் ஊர் மக்கள் பிளாக்பர்னுக்கு எழுப்பிய விளக்குக் கம்பம்தான், இன்று ஜவுளிக் கூட்டம் மொய்க்கும் விளக்குத்தூண்.

நாயக்கர் கோட்டை போனது பெரிய இழப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும், ஒரு மேஸ்திரியின் பெயரை வீதிக்கு வைத்த ஊர் என்பதில் பெருமைப்படுகிறேன். மண் சுமந்த மற்றவர்களுக்கு அந்த ஒரு பெயர்தான் அடையாளம்.

இன்று நகருக்கு நடுவே கிருதுமால் நதி சாக்கடையாகத் தேங்கிக் கிடக்கிறது. இப்போது மேயர் பதவி இருக்கிறது, மாமன்றம் இருக்கிறது, கொசு பற்றிய அறிவும் இருக்கிறது. கரையில் குடியிருப்பவர்களைப் பங்காளிகளாக்கி, நதியைச் சுத்தம் செய்யும் வேலையை உடனே தொடங்க வேண்டும்.