கரிபியன் கடற்கொள்ளையர் படவரிசையும் அதன் திறனாய்வும்: ஒரு விளக்கம்

முன்னுரை

வெகுமக்கள் கலைப்படைப்பு ஒன்றை மதிப்பிடுங்கால் இருவகை அளவுகோல்கள் பெரும்பாலும் கையாளப்படுகின்றன. ஒன்று வசூல், மற்றொன்று இதழ்களில் வெளிவரும் விமர்சனம். இவ்விரண்டும் முரண்படும்போது, மக்கள் தீர்ப்பு வேறு, விமர்சகர் தீர்ப்பு வேறு என்று கூறி அமைவதே வழக்கமாக உள்ளது. 2003 முதல் 2017 வரை ஐந்து படங்களாக வெளிவந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரிபியன்’ எனும் ஹாலிவுட் படவரிசை இம்முரணுக்குத் தக்க சான்றாகும். எனினும், இவ்விரு அளவுகோல்களுக்கும் புறத்தே மூன்றாவது வினா ஒன்று உண்டு. ஒரு படைப்பு யாருடைய வரலாற்றைக் கதைப்பொருளாகக் கொள்கிறது, அவ்வரலாற்றை எவ்வாறு கையாள்கிறது என்பதே அவ்வினா. இப்படவரிசை பெற்ற வரவேற்பை விளக்கி, மூன்றாம் வினா எங்கே எழுந்தது, எங்கே விடுபட்டது என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தனிப்படங்களின் பெயர்களைத் தமிழாக்கியே ஈண்டு வழங்குகிறோம்.

படவரிசையின் தோற்றம்

இப்படவரிசைக்கு மூலம் ஒரு நூலன்று. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் 1967இல் திறக்கப்பட்ட படகுச் சவாரியே அதன் மூலமாகும். கடற்கொள்ளையர் கதைகள் ஹாலிவுட்டுக்குப் புதியனவல்ல. 1935இல் எரால் ஃபிளின் நடித்த ‘கேப்டன் பிளட்’ பெரும் புகழ் பெற்றது. ஆயின், 1995இல் வெளிவந்த ‘கட்துரோட் ஐலண்ட்’ மாபெரும் இழப்பைச் சந்தித்தபின், இவ்வகைப் படங்களின் காலம் முடிந்தது என்ற கருத்தே நிலவியது.

இந்நிலையில் கோர் வெர்பின்ஸ்கி இயக்கத்தில், ஜெர்ரி புரூக்ஹைமர் தயாரிப்பில், ‘கருமுத்தின் சாபம்’ 2003இல் வெளிவந்தது. கப்பல் தலைவன் ஜாக் ஸ்பாரோவாக நடித்த ஜானி டெப், ராக் இசைக்கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் நடையுடை பாவனைகளைத் தழுவி அப்பாத்திரத்தை அமைத்துக்கொண்டார். தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் கொண்ட அந்நடிப்பே படத்தின் தனித்தன்மையாயிற்று. சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை உட்பட ஐந்து பரிந்துரைகளைப் படம் பெற்றது.

வசூலும் விமர்சனமும்

முதற்படம் உலகளவில் 65 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2006இல் வெளிவந்த ‘இறந்தவனின் பேழை’ 100 கோடி டாலரைக் கடந்ததோடு, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதையும் வென்றது. 2007இல் வெளிவந்த ‘உலகின் முடிவில்’ ஏறத்தாழ 96 கோடி டாலரை ஈட்டியது. ராப் மார்ஷல் இயக்கிய நான்காம் படமாகிய ‘அறியா அலைகளில்’ (2011) மீண்டும் 100 கோடியைக் கடந்தது. ‘இறந்தோர் கதை சொல்லார்’ எனும் ஐந்தாம் படம் (2017) 80 கோடியை நெருங்கியது. ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 450 கோடி டாலர் ஈட்டின.

விமர்சனத்தின் போக்கோ எதிர்த்திசையில் அமைந்தது. முதற்படத்தை ஆங்கில விமர்சகர் பத்துப்பேரில் ஏறத்தாழ எண்மர் பாராட்டினர். ஐந்தாம் படத்தைப் பாராட்டியோர் பத்துக்கு மூவர் அளவினரே. இச்சரிவுக்குக் கூறப்பட்ட காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, நீளமும் சிக்கலும். இரண்டாம், மூன்றாம் படங்கள் ஒருசேரப் படமாக்கப்பட்டவை; ஒப்பந்தமும் துரோகமும் மாறிமாறி வரும் கதைப்பின்னல் பார்வையாளரைக் குழப்புகிறது என்றனர். மூன்றாம் படம் மட்டுமே 169 நிமிடம் ஓடுவதாகும். இரண்டாவது, பிரம்மாண்டம் பாத்திரப்படைப்பை விழுங்கிவிட்டது என்பது. மூன்றாவது, ஸ்பாரோவின் இடமாற்றம். முதற்படத்தில் இளங்காதலர் கதைக்கு ஊடாகப் புகுந்து அதனைக் கலைத்துச் சுவை கூட்டியவன், நான்காம் படத்தில் கதையின் மையமாக்கப்பட்டான். விளிம்பில் நின்றபோது வியப்பளித்த சேட்டைகள், மையத்திற்கு வந்தபோது பழகிய வித்தைகளாயின.

இம்மதிப்பீடுகள் பொருத்தமானவையே. எனினும், இவையனைத்தும் படைப்பின் கட்டமைப்பையும் சுவையையும் பற்றியவை என்பது நோக்கத்தக்கது.

வணிகக் குழுமம் எனும் பகைவன்

இப்படவரிசையில் மிகவும் பழிக்கப்பட்ட கூறுகளுள் ஒன்றே, நம் நோக்கில், மிகுந்த சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. இரண்டாம், மூன்றாம் படங்களின் பகைவன் மாயக்கப்பலின் தலைவனான டேவி ஜோன்ஸ் மட்டுமல்லன்; அவனையே ஏவலாளாக்கிக்கொள்ளும் கிழக்கிந்திய வணிகக் குழுமமும் அதன் பிரதிநிதி பெக்கட் பிரபுவுமே ஆவர். குடியுரிமைகள் முடக்கப்பட்டு, மக்கள் வரிசையாகத் தூக்கிலிடப்படும் காட்சியுடன் மூன்றாம் படம் தொடங்குகிறது. வணிகத்திற்குக் கடலைத் ‘தூய்மை’ செய்தல் என்பது எத்தகைய வன்முறை என்பதை வெகுமக்கள் படமொன்று இவ்வாறு காட்டுவது அரிது. விமர்சகர் பலர் இதனைத் தேவையற்ற அரசியற் சிக்கல் என்றே ஒதுக்கினர்.

வரலாற்று நோக்கில் இங்கு ஒரு பிழையும் உண்டு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் வணிக உரிமை நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கேயுள்ள கடல்களுக்கு உரியது. கரிபியன் அதன் களமன்று. ஆயினும், கொள்ளையரும் குழுமமும் மோதிய உண்மைக்களம் ஒன்று உண்டு. அது இந்துமாக்கடலாகும். 1695இல் ஹென்றி எவ்ரி என்பான் முகலாயப் பேரரசரின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைக் கொள்ளையிட்டபோது, சூரத்திலிருந்த குழுமத்தார் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயினர். 1698இல் வில்லியம் கிட், மலபார்க் கரைக்கு அப்பால் ‘குவேடா மெர்ச்சண்ட்’ எனும் கப்பலைக் கைப்பற்றினான். அப்பெயரில் அமைந்துள்ள ‘குவேடா’, தமிழ்க் கல்வெட்டுகள் சுட்டும் கடாரம் என அறிஞர் பலர் கொள்ளும் கெடாவின் பழைய ஐரோப்பிய எழுத்து வடிவமாகும். கிட் அக்கப்பலைக் கரிபியன்வரை செலுத்திச் சென்று விட்டுவிட்டான். 1701இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். அக்கப்பலின் எச்சங்கள் டொமினிக்கன் குடியரசின் கரையருகே 2007இல் கண்டறியப்பட்டன. அதே ஆண்டில்தான் ‘உலகின் முடிவில்’ திரைக்கு வந்தது.

அப்படத்தின் தொடக்கப் பகுதியில் சிங்கப்பூர் கதைக்களமாவதும் நாம் கருதத்தக்கது. சௌ யுன் ஃபாட் ஏற்ற சீனக் கொள்ளைத் தலைவனின் இருப்பிடத்தைக் குழுமத்தின் படையினர் தாக்குவதாகக் காட்சி அமைந்துள்ளது. நான்காம் படத்தில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் (ஆட்சிக்காலம் 1727–1760) தோன்றுவதால், மூன்றாம் படத்தின் கதைக்காலம் 1760க்குப் பிற்பட்டதாக இருத்தல் இயலாது. குழுமம் சிங்கப்பூரில் காலூன்றியதோ 1819இல் ஆகும். மேலும், காட்சியிலுள்ள துறைமுகத்தில் மலாய் உலகின் தடமே இல்லை. ஜொகூர் சுல்தானகமும் ஓராங் லாவுட் எனும் கடல்வாழ் மக்களும் அதில் இடம்பெறவில்லை. நீரிணையின் கடலோடிகளைக் ‘கொள்ளையர்’ என முத்திரையிட்டு அடக்க முற்பட்டது ஐரோப்பிய அரசியலின் ஒரு கூறாகும். 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கையில் கடற்கொள்ளை ஒழிப்பு ஒரு விதியாகவே இடம்பெற்றது. ஆகவே, ‘கொள்ளையன்’ என்பது செயலைக் குறிக்கும் பெயர் மட்டுமன்று. பெயரிடுவோனின் அதிகாரத்தையும் அது குறிக்கும்.

விடுபட்ட குரல்கள்

மூன்றாம் வினாவை முதலில் எழுப்பியோர் இதழ்களின் விமர்சகரல்லர். இரண்டாம் படம் டொமினிக்கா தீவில் படமாக்கப்பட்டபோது, அங்கு வாழும் கலினாகோ மக்களின் தலைவர் 2005இல் எதிர்ப்புத் தெரிவித்தார். தீவுவாசிகளை நரமாமிசம் உண்போராகப் படம் சித்திரிப்பதே அதற்குக் காரணம். கொலம்பஸ் காலந்தொட்டு ஐரோப்பியர் அம்மக்கள்மீது சுமத்திய பழி அது. ‘கானிபல்’ எனும் ஐரோப்பியச் சொல்லே ‘கரிப்’ என்ற இனப்பெயரின் திரிபாகும். அப்பழியைச் சான்றாகக் கொண்டே அவர்களை அடிமைப்படுத்துவது நியாயப்படுத்தப்பட்டது. கரிப் என்பது பிறர் இட்ட பெயராதலின், 2015இல் அவர்தம் நிலப்பகுதி சட்டப்படி கலினாகோ நிலப்பகுதி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அடிமை வணிகம் பற்றிய மௌனமும் ஆழமானது. நான்காம் படத்தில் வரும் பிளாக்பியர்டின் கப்பல் மாயவாளுக்குக் கட்டுப்படும் ஒன்றாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அக்கப்பல், 1717இல் அவன் கைப்பற்றிய ‘லா கொன்கோர்ட்’ எனும் பிரெஞ்சு அடிமைக் கப்பலாகும். மனிதரைச் சரக்காக ஏற்ற மறுத்ததாலேயே ஸ்பாரோ குழுமத்தின் பகையைத் தேடிக்கொண்டான் என்பதை உணர்த்தும் காட்சியொன்று மூன்றாம் படத்திற்காக எடுக்கப்பட்டது. ஆனால் இறுதித் தொகுப்பில் அது நீக்கப்பட்டது. நாயகனின் அறத்திற்கு அடிப்படையான செய்தியே படத்தினின்று விடுபட்டுவிட்டது எனலாம்.

முடிவுரை

ஒரே படைப்பை மூன்று கரைகளிலிருந்து நோக்கினோம். வசூல் அதன் ஈர்ப்பையும், விமர்சனம் அதன் கலைத்தரத்தையும் காட்டின. டொமினிக்காவிலிருந்து எழுந்த குரலோ அது யாரைப் பலியிட்டுச் சிரிக்கவைக்கிறது என்பதைக் காட்டியது. இவற்றுள் ஒன்றைக்கொண்டு மற்றவற்றைப் புறக்கணித்தல் இயலாது. ஸ்பாரோவின் நடிப்பை வியந்து மகிழும் மாணவனிடம் அம்மகிழ்ச்சி தவறு என்று கூறவேண்டியதில்லை. யார் யாரைக் கொள்ளையர் என்றனர், அப்பெயரால் யார் பயனடைந்தனர் என்று வினவக் கற்பித்தலே ஆசிரியர் பணியாகும். கெடாவின் பெயர் தாங்கிய கப்பலொன்று கரிபியன் கடலடியில் கிடந்த செய்தியிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்கலாம்.