எழுத்தை எண்ணிவிட்டு வெட்டுங்கள்: சம துண்டுப் பயிற்சியும் தமிழும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களின் அடையாள அட்டையான மைகார்டில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக்கிற்கு அது பெரும்பாலும் 08. 2012 ஆகஸ்டு 31ஆம் தேதி ஈப்போவில் பிறந்த பிள்ளையின் எண் 12083108 என்று தொடங்கும். இரண்டிரண்டாக வெட்டினால் 12, 08, 31, 08 கிடைக்கும். நீண்ட எழுத்துச்சரத்தைச் சம நீளத் துண்டுகளாகப் பிரிக்கும் இந்தப் பயிற்சி, நிரல் எழுதப் பழகுகிற பலருக்கும் தொடக்கத்திலேயே வருவது.

எண்ணா, சரமா?

கார்டில் இருப்பது இலக்கங்கள்தானே என்று அதைக் கூட்டல் கழித்தலுக்கான எண்ணாகச் சேமித்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். 2005இல் பிறந்தவரின் எண் 05 என்று ஆரம்பிக்கிறது. எண்ணாகப் பார்க்கும் கணினிக்கு முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை; அதை உதிர்த்துவிடும். 05083108 என்பது 5083108 ஆகிவிட, துண்டுகள் 50, 83, 10 என்று நகர்ந்துபோகும். 83ஆவது மாதம் எந்த நாட்காட்டியிலும் இல்லை. அதனால் மைகார்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரமாகவே சேமிக்க வேண்டும்.

வெட்டும் முறை

பைத்தான் நிரல்மொழியில் சரத்தின் முதல் இடம் 0. மூன்று மூன்றாக வெட்ட வேண்டுமானால் 0, 3, 6 என்று மும்மூன்றாகத் தாவி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் மூன்று குறிகளை எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சரத்தின் நீளத்தை எட்டியதும் சுழற்சி நிற்கும். நீளம் மூன்றால் மீதியின்றி வகுபடாவிட்டால் கடைசித் துண்டு குட்டையாக வரும். பைத்தான் இருப்பதைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். ஜாவாவில் சரத்தின் எல்லையைத் தாண்டி வெட்டச் சொன்னால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே மிச்சத்தை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வதும் பயிற்சியின் ஒரு பகுதி.

ரப்பர்த் தோட்டத்தில் மரங்களை நெரையாகப் பிரித்ததை அறிந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் சில மரங்கள் மிஞ்சும். ஆனால் அங்கே எண்ணியது மரத்தை. யாரும் கிளையை எண்ணவில்லை. தமிழ்ச் சரத்தை வெட்டும்போது நடக்கும் தவறு கிளையை எண்ணுவதுதான்.

மூன்று விடைகள்

‘சுங்கை சிப்புட்’ என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். சு, ங், கை, இடைவெளி, சி, ப், பு, ட் என்று விரல்விட்டு எண்ணினால் எட்டு. பைத்தானிடம் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் கோப்பாகச் சேமித்தால் 43 பைட்டுகள். மூன்றுமே சரியான விடைகள்தான். எண்ணிய பொருள்தான் வேறு.

யூனிகோடில் 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் கிடையாது. ‘சு’ என்பது ச என்ற குறியும் உகரக் குறியும் சேர்ந்தது. ‘ங்’ என்பது ங என்ற குறியும் புள்ளியும் சேர்ந்தது. பைத்தான் எண்ணுவது இந்தக் குறிகளை. கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு, இடைவெளி ஒரு பைட்டு.

இப்போது இந்தப் பெயரை மூன்று குறிகளாக வெட்டினால் முதல் துண்டு ‘சுங’ என்று வரும். ங-வின் புள்ளி அடுத்த துண்டின் தலையில் போய் நிற்கும். 15 மூன்றால் வகுபடுவதால் பிழைச்செய்தி வராது, மிச்சமும் இருக்காது. நிரல் வெற்றி என்று மாணவர் நினைப்பார். ஊரின் பெயரோ உடைந்திருக்கும்.

ஒட்டிவிட்டு வெட்டலாம்

தீர்வு எளிது. சரத்தை ஒரு முறை முழுதாகப் படித்து, 11 உயிர்க்குறிகளில் ஒன்றோ புள்ளியோ வந்தால் அதை முந்தைய குறியோடு ஒட்ட வேண்டும். கிடைக்கும் எழுத்துப் பட்டியலை மூன்று மூன்றாகப் பிரித்தால் முதல் துண்டு ‘சுங்கை’, அடுத்தது இடைவெளியோடு ‘சிப்’, மிச்சம் ‘புட்’. க்ஷ, ஸ்ரீ போன்ற கிரந்தக் கூட்டெழுத்துகளை ஓரெழுத்தாகக் கொள்ள விரும்பினால் அதற்குத் தனி விதி எழுதிக்கொள்ளலாம். ஓப்பன்-தமிழ் என்ற இலவசப் பைத்தான் நூலகத்தில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறு ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் முதல்முறை கையால் எழுதிப் பார்ப்பதே நல்லது.

துண்டு எங்கே போகிறது?

குறி அளவில் வெட்டுவது எப்போதும் தவறு என்பதல்ல. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகள்தான் அடங்கும். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. கோப்பில் போலன்றி, இங்கே ஒரு தமிழ்க் குறிக்கு இரண்டு பைட்டு என்பதால் தமிழில் 70 குறி. அதைவிட நீண்ட தமிழ்ச் செய்தி 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பயணம் செய்யும். வரிசைத் தகவலுக்கு மூன்று குறிகளின் இடம் போய்விடுகிறது. புள்ளி எந்தத் துண்டில் போனாலும் பெறுகிற கைப்பேசி எல்லாவற்றையும் ஒட்டிவிடுவதால் செய்தி முழுதாகத் தெரியும். மீண்டும் ஒட்டப்போகிற துண்டுக்குக் குறி அளவு போதும். சான்றிதழிலோ பெயர்ப்பட்டியலிலோ மனிதர் படிக்கப்போகிற துண்டுக்கு எழுத்து அளவே வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலச் சொல்லோடு தமிழ்ச் சொல் ஒன்றையும் கொடுங்கள். கம்பார், தெலுக் இந்தான், கோலகங்சார் என்று பேராக்கிலேயே பெயர்களுக்குக் குறைவில்லை. முதலில் விரலால் எண்ணச் சொல்லுங்கள். பிறகு கணினியைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கத் தெரிந்த மாணவர், எந்த மொழியின் பெயரையும் உடைக்காமல் நிரல் எழுதுவார்.