இரட்டைப் பதிவுக் கணக்கும் எழுத்துத் திரையும்

கையிலிருக்கும் பணமெல்லாம் ஒருவருடைய சொந்தப் பணமாகிவிடாது; சொந்தப் பணமெல்லாம் எப்பொழுதும் கையிலிருப்பதுமில்லை. இவ்வுண்மையைக் குடும்பத் தலைவர்கள் அனைவரும் அறிவர். ஆயினும், வரவும் செலவும் மட்டும் குறிக்கப்பெறும் சாதாரணக் கணக்கு நோட்டு இதனைக் காட்டுவதில்லை. இக்குறையைப் போக்குவதே இரட்டைப் பதிவு முறையின் நோக்கமாகும். பெரிய வாணிக நிலையங்களுக்கே உரியதென்று கருதப்பட்டு வந்த இம்முறையை, இன்று கணிப்பொறியின் எளிய எழுத்துத் திரையில் எந்தக் குடும்பமும் கையாளலாம்.

முறையின் வரலாறு

இத்தாலிய நாட்டு ஜெனோவா நகரின் 1340 ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே இரட்டைப் பதிவு காணப்படுகிறது. லூகா பச்சோலி என்னும் துறவி 1494 இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இம்முறையை விளக்கினார்; அதன்பின் அது ஐரோப்பா முழுவதும் பரவியது. தமிழ் நாட்டு வணிகரிடையிலும் சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்ற ஒழுங்கான ஏடுகள் வழங்கி வந்துள்ளன.

இம்முறையின் அடிப்படை விதி ஒன்றே. பணம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடத்தை அடைகிறது; ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் குறைந்தது இரண்டு கணக்குகளில் எழுதவேண்டும். ஒன்றில் பற்று என்றும், மற்றொன்றில் வரவு என்றும் அது பதிவாகும். பற்றைக் கூட்டல் குறியாலும் வரவைக் கழித்தல் குறியாலும் குறித்தால், ஒவ்வொரு பதிவின் கூட்டுத்தொகையும் சுழியாக வேண்டும். சுழி வராவிடின் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறதென்பது உடனே தெரிந்துவிடும்.

சித்தூர் மாந்தோப்பின் கணக்கு

சித்தூர் மாவட்டம் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கு மிகுதியாக விளையும் கிளிமூக்கு மாங்காய், பெரும்பாலும் இவ்வாலைகளுக்கே செல்கிறது. 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபொழுது, உழவருக்குக் கிலோ ஒன்றுக்கு 12 ரூபாய் கிடைக்கவேண்டுமென்றும், அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை மாநில அரசும் அளிக்கவேண்டுமென்றும் ஆந்திர அரசு வகுத்தது. சரக்கு ஒன்று, அதற்குப் பணம் தரவேண்டியவர் இருவர். இத்தகைய நிலையில்தான் சாதாரண நோட்டுக் கணக்கு தடுமாறுகிறது.

ஓர் உழவர் 5,000 கிலோ மாங்காயை ஆலைக்கு அளித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்துக் கோப்பில் அது பின்வருமாறு அமையும்:

2025-07-03 கிளிமூக்கு மாங்காய் 5000 கிலோ
    சொத்து:வரவேண்டியது:ஆலை    ₹40000
    சொத்து:வரவேண்டியது:அரசு    ₹20000
    வருமானம்:மாந்தோப்பு    ₹-60000

2025-07-04 பறிப்புக் கூலி, லாரி வாடகை
    செலவு:மாந்தோப்பு    ₹15000
    சொத்து:வங்கி    ₹-15000

2025-08-20 ஆலை அளித்த பகுதித் தொகை
    சொத்து:வங்கி    ₹25000
    சொத்து:வரவேண்டியது:ஆலை    ₹-25000

மூன்றாம் பதிவு கவனிக்கத் தக்கது. ஆலையிலிருந்து வந்த 25,000 ரூபாய் புதிய வருமானம் அன்று. வரவேண்டிய தொகை வங்கிக்கு இடம் மாறியது, அவ்வளவே. இதை அறியாது மீண்டும் வருமானமாக எழுதுவோர் ஒரே பணத்தை இருமுறை எண்ணிவிடுகின்றனர்.

ஆகஸ்டு 20 அன்று இந்த விற்பனையால் வங்கியில் கூடியிருப்பது 10,000 ரூபாய் மட்டுமே. வங்கிப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் அதனையே இலாபமென்று எண்ணுவார். உண்மையில் ஆலை தரவேண்டியது 15,000 ரூபாய். அரசு தரவேண்டியது 20,000 ரூபாய். மூன்றும் சேர்ந்த 45,000 ரூபாயே, கூலியும் வாடகையும் போக நின்ற மிச்சம். யாரிடம் எவ்வளவு கேட்கவேண்டும் என்பதைத் தேதியுடன் காட்டவல்ல ஏடு, உழவருக்குப் பெருந்துணையாகும். அடுத்த பயிருக்குக் கடன் வாங்குவதா வேண்டாமா என்ற முடிவும் இந்த எண்களையே சார்ந்துள்ளது.

மஞ்சள் துணியில் முடிந்த காசு

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு திருப்பதியைச் சார்ந்தது. தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில், ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அம்முடிப்பு வீட்டிலேயே இருப்பினும், அது வீட்டாருடைய பணம் அன்று. மாதம் 500 ரூபாய் முடிந்து வைக்கும் குடும்பம் இவ்வாறு எழுதலாம்:

2025-09-17 முடிப்பு
    சொத்து:மஞ்சள்துணி    ₹500
    சொத்து:ரொக்கம்    ₹-500
    செலவு:காணிக்கை    ₹500
    கடன்:முடிப்பு    ₹-500

ஓராண்டில் துணியில் 6,000 ரூபாயும், கடன் கணக்கில் அதே 6,000 ரூபாயும் நிற்கும். இடையில் அவசரத்திற்கு 2,000 ரூபாயை எடுத்தால் துணியின் கணக்கு 4,000 ஆகக் குறையும். கடனோ 6,000 ஆகவே நிற்கும். திருப்பிவைக்க வேண்டிய தொகையை ஏடு மறப்பதில்லை. உண்டியலில் செலுத்தும் நாளில் இரு கணக்குகளும் ஒருங்கே தீரும். திருமணத்திற்காகக் குபேரனிடம் கடன் பெற்றதாகக் கூறும் தலபுராணக் கதையையொட்டி, அப்பெருமானை வட்டிக்காசுலவாடு என்று தெலுங்கு மக்கள் அழைப்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

எழுத்துத் திரை செயற்படும் விதம்

மேற்கண்ட பதிவுகள் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதப்படுபவை. அக்கோப்பைப் படித்துக் கூட்டித் தரும் மென்பொருளுள் முதன்மையானது, ஜான் வீக்லி 2003 இல் வெளியிட்ட லெட்ஜர் ஆகும். அதைப் பின்பற்றி சைமன் மைக்கேல் 2007 இல் தொடங்கியது எச்-லெட்ஜர். இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள்.

எச்-லெட்ஜருக்கு, முனையத்தில் இயங்கும் திரைமுகம் ஒன்று உண்டு. முனையம் என்பது முற்காலத்தில் தட்டச்சுப் பொறி போன்ற தனிக் கருவியாக இருந்தது. 1978 இல் வந்த புகழ்பெற்ற வீ.டீ. 100 முனையம், 80 எழுத்து அகலமுள்ள 24 வரிகளைக் காட்டியது. இன்று கணிப்பொறியின் ஒரு சாளரமே அவ்வேலையைச் செய்கிறது. படங்கள் இல்லை, எழுத்துகள் மட்டுமே உண்டு. ஆதலின் பழைய கணிப்பொறியும் போதும்; இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை.

திரையில் கணக்குகளின் பெயர்களும் நிலுவைகளும் வரிசையாக நிற்கும். கீழ் அம்பு விசையால் ஒரு கணக்கை அடைந்து வலப்புற அம்பை அழுத்தினால் அதன் பதிவுகள் தோன்றும். மீண்டும் அழுத்தினால் ஒரு பதிவு முழுமையாகத் தோன்றும். இடப்புற அம்பு பழைய இடத்திற்கு மீட்கும். பேரேட்டிலிருந்து குறிப்பேட்டிற்குப் பக்கம் தேடிப் புரட்டிய கணக்கரின் வேலையை இரண்டு விசைகள் செய்கின்றன.

தமிழில் எழுதும்பொழுது

கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, சொத்து, கடன், முதல், வருமானம், செலவு என்னும் ஐந்து வகைகளின் ஆங்கிலப் பெயர்களையே மென்பொருள் தானாக அறியும். தமிழ்ப் பெயர் இடுவோர் ஒவ்வொன்றும் எவ்வகையைச் சேர்ந்ததென்று கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட வேண்டும்.

இரண்டாவது, முனையம் ஒவ்வொரு குறியீட்டையும் சம அகலமுள்ள கட்டத்தில் வைக்க முயல்கிறது. ‘சொத்து’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கோ ஆறு குறியீடு. ஆதலின் சில முனையங்களில் எண்களின் நிரல் சற்றே கோணலாகத் தோன்றும். இது காட்சிப் பிழையே. கூட்டுத்தொகைக்கு எந்தத் தீங்கும் இல்லை.

சமநிலையின் எல்லை

சுழி வந்துவிட்டால் கணக்கு முற்றிலும் சரி என்று எண்ணுதல் தவறு. ஒரு செலவை எழுதாது விட்டாலும், ஒரே பதிவை இருமுறை எழுதினாலும், மருந்துச் செலவை உணவுக் கணக்கில் சேர்த்தாலும் சமநிலை கெடுவதில்லை. இதற்கு மாற்றும் உண்டு. வங்கிப் பதிவின் இறுதியில் சமக்குறியிட்டு, வங்கி அறிவித்த நிலுவையை எழுதிவைக்கலாம். ஏட்டின் தொகை அதனோடு ஒவ்வாவிடில் மென்பொருள் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டும். மாதந்தோறும் இவ்வாறு ஒத்துப்பார்த்தால், பிழையைத் தேடவேண்டிய எல்லை ஒரு மாத அளவிற்குச் சுருங்கிவிடும்.

எழுத்துக் கோப்பு எந்த ஒரு மென்பொருளுக்கும் அடிமைப்பட்டதன்று. மென்பொருள் மறைந்தாலும் கோப்பைத் திறந்து கண்ணால் படிக்கலாம். தாளில் அச்சிட்டுப் பேழையிலும் வைக்கலாம். கோப்பின் படியொன்றை வேறோர் இடத்திலும் காத்துவரின், குடும்பத்தின் பற்றும் வரவும் அடுத்த தலைமுறைக்கும் தெளிவாக விளங்கும்.