பாங்கி பிடித்த அபராதத்தைத் திரும்பக் கேட்கலாமா?

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் தமது பாஸ் புத்தகத்தை நம்மிடம் நீட்டினார். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி, அடுத்து வீட்டில் நோயும் சேர, ஆறு மாதம் அவருக்குக் கூலி இல்லை. வணிகப் பாங்கி ஒன்றில் அவருக்கிருந்த சேமிப்புத் தொகை அப்போது 350 ரூபாய். குறைந்தபட்ச இருப்பான 1,000 ரூபாய் இல்லையென்று, வரி உட்பட மாதம் 118 ரூபாய் வீதம் ஆறு தடவையில் 708 ரூபாய் பற்றெழுதப்பட்டிருந்தது. கணக்கு 358 ரூபாய் பாக்கியில் இறங்கியது. மறுபடி தறியேறிப் பெற்ற முதற்கூலியில் அந்தப் பாக்கியே முதலில் கழிந்தது. "பணம் வைக்காதது என் குற்றந்தானே, எந்த முகத்தோடு கேட்பது?" என்றார் அவர்.

அங்கத்தினர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். அது சரியன்று. அபராதம் விதிக்கப் பாங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு வரம்பும் உண்டு. ரிசர்வ் பாங்கி 2014 நவம்பர் 20-இல் விடுத்த சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் சாரம் வருமாறு:

1. இருப்புக் குறைந்ததும் கடிதம், குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் மூலம் அறிவிக்கவேண்டும். அதை நிறைவு செய்ய ஒரு மாதமேனும் அவகாசம் தரவேண்டும்.

2. அபராதம் குறைவுத் தொகையின் அளவுக்கேற்ப இருத்தல் வேண்டும்.

3. இவ்வபராதத்தால் மட்டுமே கணக்கு பாக்கியில் இறங்கலாகாது.

மேற்சொன்ன அங்கத்தினருக்கு அறிவிப்பே வரவில்லை. கணக்கும் பாக்கியில் இறங்கியது. ஆகவே அவர் கேட்பது யாசகமன்று. தம் உழைப்பின் பணமேயாகும். முறைப்படி அறிவித்து, விகிதப்படி பிடித்திருந்தாலோ உரிமையாகக் கோர இயலாது. கஷ்டத்தை எடுத்துரைத்து, சலுகையாக வேண்டிக்கொள்ளலாம்.

செய்யவேண்டியது யாதெனில், பாஸ் புத்தகத்தில் அபராதப் பற்றுகளைத் தேதிவாரியாகக் குறித்து, கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்துப் பெறுக. அபராதத்தோடு பிடித்த வரியையும் சேர்த்துக் கேட்க மறவாதீர். 30 நாட்களில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. காலதாமதம் மட்டும் கூடாது. பணம் திரும்பக் கோரும் வழக்குகளுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகளே தருகிறது. பத்தாண்டுக்கு முந்திய பற்றுக்கு இன்று மனுப் போடுவதில் பயன் சிறிது.

இனியும் இந்நிலை நேராதிருக்க, குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு பாங்கியைக் கேளுங்கள். கூலி ஒழுங்காக வராதவர்க்கு அதுவே ஏற்றது.

அந்த அங்கத்தினரின் மனுவைச் சங்கக் காரியதரிசியே எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் 708 ரூபாயும் வரவு வைக்கப்பட்டது. மனு எழுதத் தெரியாதோருக்கு எழுதிக்கொடுப்பதும் கூட்டுறவே என்பதைச் சங்க நிர்வாகிகள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.