பூனைக்கு மட்டும் ஒரே மொழி

உங்களுக்குத் தெரியுமா?

சரவணம்பட்டியில் ஏதாவது ஓர் அடுக்ககத்துக் கீழே சாயங்காலம் போய் நில்லுங்கள். ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பந்துக்குத் தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வாசலில் தமிழுக்கு மாறுவது கோயம்புத்தூருக்குப் பழைய வழக்கம்தான். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. டெக்சாசில் வளரும் பேரன் வீடியோ அழைப்பில் பூனையைக் காட்டி “கத்தோ” என்கிறான். இந்தப் பக்கம் அமுச்சி முழிக்கிறார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷாம். பக்கத்துக்கு ஒரு படம், அதற்கு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இரண்டு வரி என்று அங்கே குழந்தைப் புத்தகங்கள் நிறைய உண்டு. இந்த வாரம் அந்த அலமாரியைக் கொஞ்சம் குடைவோம்.

*

ஒரே பக்கத்தில் இரண்டு மொழி என்பது அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியதே அப்படித்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்தில்யா’ என்ற நூலில் தமிழ் வரியும் அதற்குச் சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியப் பொருளும் சேர்ந்தே வருகின்றன. உள்ளே இருப்பவை கிறிஸ்தவ ஜெபங்கள். தமிழ் எழுத்து வார்க்க அங்கே ஆள் இல்லாததால் தமிழையும் ரோமன் எழுத்தில்தான் அடித்தார்கள். வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் இனி வெட்கப்படவேண்டாம், 1554லிருந்து தொடரும் மரபு அது! போர்த்துகீசியத்தின் ‘கார்தில்யா’ பக்கத்து வீட்டு ஸ்பானிஷில் ‘கார்த்தியா’ ஆகிறது. பிள்ளைகளின் அரிச்சுவடி என்று பொருள்.

*

குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகம் என்று பலரும் சொல்லும் ‘ஓர்பிஸ் பிக்தஸ்’ 1658இல் நியூரம்பெர்க்கில் வந்தது. எழுதியவர் கொமேனியஸ். அதுவும் இருமொழிதான்: லத்தீனும் ஜெர்மனும். எழுத்துகளைச் சொல்லித்தர அவர் மிருகங்களையும் பறவைகளையும் கத்தவிட்டார். முதலில் கத்துவது காக்கை.

*

கத்தல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் சேவல் ‘கொக்கரக்கோ’ என்றால் ஸ்பானிஷ் சேவல் ‘கிகிரிகீ’. நம் நாய் ‘லொள் லொள்’, அங்கே ‘குவாவ் குவாவ்’. பூனை மட்டும் இரண்டு ஊரிலும் ‘மியாவ்’. கோழிக்குஞ்சு ஸ்பானிஷில் கத்துவதை இங்கே தமிழில் எழுதினால் பிள்ளைகள் சிரித்தே புத்தகத்தைக் கிழித்துவிடுவார்கள். அதை விட்டுவிடுவோம்.

*

நியூயார்க் பொது நூலகத்தில் 1921இல் வேலைக்குச் சேர்ந்தார் பூரா பெல்ப்ரே. அங்கே பணியாற்றிய முதல் புவெர்ட்டோ ரிக்கோ நூலகர் அவர். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு அலமாரியில் அவர்கள் ஊர்க் கதை ஒன்றும் இல்லையே என்று பார்த்தார். பாட்டியிடம் கேட்ட கதையைத் தானே எழுதிவிட்டார். மார்த்தினா என்ற கரப்பான்பூச்சியும் பெரெஸ் என்ற எலியும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை, 1932இல் புத்தகமாக வந்தது. இன்று லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர், ஓவியர்களின் சிறுவர் நூல்களுக்குத் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

*

பெரெஸ் என்ற பெயரில் ஸ்பெயினிலும் ஓர் எலி உண்டு. எட்டு வயது அரசன் 13ஆம் அல்ஃபோன்சோவுக்குப் பால்பல் விழுந்தபோது, லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் அவனுக்காக எழுதிய கதையின் நாயகன் அது. தலையணைக்கு அடியில் வைத்த பல்லை எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகும். மாட்ரிட்டில் ஒரு மிட்டாய்க் கடையின் பிஸ்கட் டப்பாவில் குடியிருந்ததாம். நாம் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தோம். பரிசு ஒன்றும் வந்ததாக நினைவில்லை.

*

இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியிடம் பேசினால் ‘நீ’யா ‘நீங்க’ளா? ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவர் அங்கே தலையைச் சொறிவார். ஸ்பானிஷிலிருந்து வருகிறவருக்கு அந்தத் தொல்லை குறைவு, மூலத்திலேயே முடிவு செய்து வைத்திருப்பார்கள். இதில் ஒரு விசேஷம். கொலம்பியாவின் சில பகுதிகளில் பெற்றோர் சொந்தப் பிள்ளையையே ‘உஸ்தெத்’ போட்டுக் கூப்பிடுவார்கள். மற்ற ஸ்பானிஷ்காரர்களுக்கு அது வேடிக்கை. மூன்று வயதுப் பிள்ளையை “வாங்க கண்ணு, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிற நமக்கு அதில் என்ன வேடிக்கை?

*

ஸ்பானிஷில் தலைமேல் நெளிகோடு போட்ட ஓர் ‘ன்’ உண்டு. நம் ‘ஞ’தான் அது. எஸ்பாஞா, நீஞோ என்று எழுதினால் தீர்ந்தது. அங்கே ‘பெரோ’ என்றால் ஆனால்; ‘பெறோ’ என்றால் நாய். நடுவில் நாக்கை உருட்டுவதில்தான் வித்தியாசம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். அரம், அறம் என்று பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பாதி வேலை மிச்சம். (பிரித்துச் சொல்லப் பழகியிருந்தால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.)

*

ஸ்பானிஷில் மேசை ‘மெசா’, அதுவும் பெண்பால். மாம்பழம் ‘மாங்கோ’, பப்பாளி ‘பப்பாயா’, நம் கட்டுமரம் ‘கத்தமரான்’. மேசை நமக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. மாங்காயும் கட்டுமரமும் இங்கிருந்து கப்பலேறியவை.

*

படப்புத்தகத்தில் பக்கம் திருப்புவதுதான் உயிர். “பூனை ஏறிக் குதித்தது…” என்று நிறுத்தினால், எங்கே என்று பிள்ளை தாளைப் புரட்டும். ஸ்பானிஷில் வினை முன்னாலேயே வந்துவிடும், இடம் கடைசியில் வரும். தமிழில் இயல்பாக எழுதினால் “பூனை மரத்தின் மேல்…” என்று இடம் முதலில் அவிழ்ந்துவிடும், என்ன செய்தது என்பதுதான் மிச்சம். அதனால் இருமொழிப் பக்கத்தில் ஒரே படத்துக்கு இரண்டு வகை எதிர்பார்ப்பு. இதைக் கவனிக்காமல் வரிக்கு வரி மாற்றிப்போட்ட புத்தகத்தைக் குழந்தை இரண்டாம் முறை கேட்காது.

*

சென்னை தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களின் புத்தகம். கறுப்புத் தாளில், ஸ்கிரீன் பிரிண்டிங்கில், கையாலேயே அச்சிடுவது. ஸ்பானிஷிலும் வந்தது. வெளியிட்ட பார்சிலோனா பதிப்பகத்தின் பெயருக்குச் ‘சிவப்பு நரிப் புத்தகங்கள்’ என்று பொருள்.

*

தமிழும் ஸ்பானிஷும் ஒரே பக்கத்தில் வேண்டுமென்றால்? தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தவை சென்னை தூலிகாவில் கிடைக்கும். 1996இல் தொடங்கிய பதிப்பகம், பல இந்திய மொழிகளில் ஆங்கிலத்தோடு ஜோடி சேர்த்துப் போடுகிறது. லண்டன் மந்த்ரா லிங்குவாவும் எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழுவைத் தமிழ்–ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது. ஸ்பானிஷுக்கு எளிய வழி, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். காசு கிடையாது, தரவிறக்கலாம், அச்செடுக்கலாம், நீங்களே மொழிபெயர்த்தும் ஏற்றலாம். தமிழிலும் ஸ்பானிஷிலும் இருக்கும் கதையாகப் பார்த்து, கோயம்புத்தூரில் அமுச்சி ஒன்றையும் டெக்சாசில் பேரன் மற்றொன்றையும் திறந்துகொள்ள வேண்டியதுதான். படம் ஒன்றே என்பதால் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற குழப்பம் வராது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. சீரியல் தொடங்குவதற்குள் ஒரு கதை முடித்துவிடலாம்.